கொக்கோப் பால்: வீட்டில் செய்யும் முறையும் கடைக்காரர் அறிய வேண்டியவையும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிருக்குச் சூடாக ஏதேனும் குடிக்காமல் யாரும் வெளியே புறப்படுவதில்லை. பெரியவர்கள் தேநீர் குடிக்கிறார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கோ சாக்லேட் பால் என்னும் கொக்கோப் பால் மீது ஆசை. அந்த ஆசை நல்லதே. ஆனால் கொக்கோப் பால் என்ற பெயரில் பிள்ளையின் கோப்பைக்குள் போவது பாலா, சீனியா என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அந்தக் கோப்பைக்கு வேண்டிய சாமான்களை விற்பவர்களில் நம்மவரும் இருப்பதால், இது வீட்டுப் பெண்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. வியாபாரிகளாகிய நமக்கும் உரிய பாடமே. ஆகவே இதனைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

மலையும் கடைவீதியும்

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் பாதை 1931-இல் திறக்கப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. இன்று தோட்ட வேலை செய்வோரில் வங்காள தேசத்தவர், இந்தோனேசியர், நேபாளத்தவர் எனப் பலர் இருக்கிறார்கள்.

ஆள் மாறினாலும் வழி மாறவில்லை. தோட்டத்து அடுப்படிக்குச் சாமான் போவது ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களின் கடைவீதி வழியாகத்தான். வாங்குகிறவர் டின்னின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். படித்தாலும் பொருள் விளங்காதவராக இருக்கலாம். அவர் கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற அறிவு நம்மிடம் இருக்க வேண்டாமா?

கொக்கோ என்பது யாது?

கொக்கோ வெப்பமான தாழ்நிலத்தில் விளையும் மரம். தேயிலைக்கு ஏற்ற கேமரன் மலைக் குளிர் அதற்கு ஆகாது. ஆயினும் இதே பகாங் மாநிலத்தின் தாழ்நிலத்திலுள்ள ஜெங்காவில் மலேசியக் கொக்கோ வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையடிவாரத்துக்கு அப்பால் கீழ்ப் பேராக் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ நட்டவர்கள் உண்டு. 1990-ஆம் ஆண்டில் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறக்குறைய 2,47,000 டன் அளவுக்கு உயர்ந்தது. பின்னர் செம்பனை அந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. இன்றைய விளைச்சல் அதில் மிகச் சிறு பங்கே. நம் நாட்டு ஆலைகள் அரைக்கும் கொட்டையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

கொக்கோக் கொட்டையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கொழுப்பு மிகுந்த ஒரு கூழ் கிடைக்கும். 1828-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வான் ஹூட்டன் குடும்பத்தார் இக்கூழை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். கொழுப்பின் பெரும்பகுதி நீங்கிய பிண்ணாக்கைப் பொடித்ததே கொக்கோத் தூள். அதன் புளிப்பைக் காரம் சேர்த்துத் தணிக்கும் முறையும் அக்குடும்பத்தாருடையதே. அவ்வாறு தணித்த தூள் கறுத்த நிறமும் மென்மையான சுவையும் உடையது. தணிக்காத தூள் செம்மண் நிறமாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருக்கும். பாலுக்கு இரண்டும் ஆகும். தணித்த தூள் பாலோடு எளிதில் இணங்கும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். கொக்கோத் தூள் சீனியைப்போல நீரில் கரைவதன்று. நுண்ணிய துகள்களாக மிதந்து நின்று, நேரம் செல்லச் செல்ல அடியில் படிவது. இதை அறிந்தால் செய்முறையின் பாதி விளங்கிவிடும்.

மூன்று வகை டின்கள்

கடைத் தட்டில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வகைச் சரக்குகளை வேறு பிரித்து அறிவது அவசியம்.

முதலாவது, வெறும் கொக்கோத் தூள். இதில் சீனி இல்லை. நாக்கில் வைத்தால் கசக்கும். சேர்மானங்களில் கொக்கோ ஒன்றே முதன்மையாக இருக்கும்.

இரண்டாவது, மால்ட் கலந்த பானத் தூள்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1904-இல் ஓவல்டின் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் 1934-இல் தாமஸ் மெய்ன் என்பவர் மைலோவை உருவாக்கினார். இவ்வகைத் தூள்களில் மால்ட், பால் தூள், சீனி, கொக்கோ முதலியன கலந்திருக்கும். இவற்றைக் குடிப்பது குற்றமன்று. ஆனால் இவை வெறும் கொக்கோ அல்ல. இவற்றோடு டின் பாலையும் ஊற்றி, மேலும் சீனி போடுவதுதான் தவறு. ஏற்கெனவே இனிப்பான சரக்குக்கு இரண்டு தடவை இனிப்பூட்டுகிறோம்.

மூன்றாவது, டின் பால். நெஸ்லேயுடன் 1905-இல் இணைந்த ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனியின் பெயரில் 1912-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் வியாபாரம் தொடங்கியது. அன்றுமுதல் டின் பால் நம் தேநீர்க் கடைகளின் உயிர்நாடியாகிவிட்டது. இனிப்பூட்டிய கெட்டிப் பாலின் எடையில் பாதிக்கு மேல் சீனிதான். அந்தச் சீனியே பால் கெடாமல் காக்கிறது. இன்று விற்கும் டின்கள் பலவற்றில் 'கிரிமெர்' என்ற சொல் இருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கும். படத்தையும் நிறத்தையும் பார்த்துப் பால் என்று வாங்குகிறவர் பலர். தேநீருக்கு நிறமும் சுவையும் தர அது உதவலாம். பாலின் இடத்தில் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்க அது பாலன்று.

வேண்டிய சாமான்கள்

நான்கு கோப்பைக்குக் கணக்குச் சொல்கிறோம். தேக்கரண்டி என்பது எங்கும் மட்டமாக வழித்த தேக்கரண்டியே; குவித்ததன்று.

இனிப்புச் சேராத முழுக்கொழுப்புப் பால் தூள் 100 கிராம். தண்ணீர் முக்கால் லிட்டர். கொக்கோத் தூள் நான்கு தேக்கரண்டி. சீனி நான்கு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. விரும்பினால் ஒரு சிறு துண்டு கறுவாப்பட்டை அல்லது தட்டிய இரண்டு ஏலக்காய்.

ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி சீனி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மாட்டுப்பால் கிடைக்கும் வீட்டார் பால் தூளையும் தண்ணீரையும் விட்டுவிட்டு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான பாலை எடுத்துக்கொள்ளலாம். கறந்த பாலாயின் முதலில் நன்றாகக் காய்ச்சிவிட வேண்டும்.

செய்முறை

முதற்படி: சீனியையும் கொக்கோவையும் உப்பையும் உலர்ந்த பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கலக்கவும். சீனிப் பரல்கள் கொக்கோத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கும். கொக்கோவில் எஞ்சிய கொழுப்பு நீரை விலக்குவதால், வெறும் தூளை நேரே பாலில் கொட்டினால் வெளியே நனைந்தும் உள்ளே உலர்ந்தும் கட்டிகளாகிவிடும்.

இரண்டாம் படி: மூன்று நான்கு கரண்டி வெந்நீர் விட்டுக் கட்டியின்றிக் குழைக்கவும். பசைபோல வழவழப்பாக வர வேண்டும். அவசரப்படலாகாது, இங்கே செலவிடும் ஒரு நிமிஷம் பின்னால் வடிகட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் படி: முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒரு கோப்பை அளவு எடுத்து இக்குழம்பில் விட்டு, பட்டையையும் போட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்க விடவும். கொக்கோவில் இயற்கையாகவே சிறிது மாவுச்சத்து உண்டு. அது வெந்து பருத்தால் பானம் சற்றுக் கெட்டிப்படும்; துகள்கள் விரைவில் படியமாட்டா; பச்சை வாடையும் நீங்கும். ஆலைகளில் இதே வேலைக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கேரகீனன் என்னும் பொருளை மிகச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அந்தப் பாசி சபாவின் செம்பூர்ணாக் கடலில் வளர்க்கப்படுகிறது. வீட்டில் அடுப்பும் பொறுமையும் போதும்.

கேமரன் மலைக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்தது என்று உடனே இறக்காமல், கீழ்நாட்டாரைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டுவைப்பது நல்லது.

நான்காம் படி: மீதித் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்துப் பால் தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைக்கவும். கொதிநீரில் கொட்டினால் திரண்டுவிடும். குளிர்நீரில் எளிதில் கரையாது.

ஐந்தாம் படி: கரைத்த பாலைக் கொக்கோவில் ஊற்றிக் கிளறிக்கொண்டே சூடேற்றவும். ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழும்போது இறக்கிவிடவும். பொங்கவிட்டால் ஆடை படியும், அடியும் பிடிக்கும்.

ஆறாம் படி: இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றவும். தேநீரை இழுத்து ஆற்றுவது நம்மவருக்குக் கைவந்த தொழில். அதே ஆற்றல் இங்கும் மூன்று நன்மை தருகிறது: கொக்கோ ஒரு சீராகக் கலக்கிறது, நுரை எழுகிறது, பிள்ளை குடிக்கத்தக்க சூட்டுக்கு வருகிறது. குடிக்குமுன் ஒருமுறை அடிவரை கலக்கிக் கொள்ளவும்.

குறைகளும் பரிகாரங்களும்

பால் திரிந்துவிட்டதா? காரணம் பெரும்பாலும் புளிப்பே. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியோ தென்னை வெல்லமாகிய கூலா மெலாக்காவோ போடுகிறவர்கள் அதனைக் கொதிக்கும் பாலில் போடக் கூடாது. சிறிது நீரில் தனியே கரைத்து வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்தபின் சேர்த்தால் திரியாது. கருப்பட்டியும் இனிப்புத்தான், அதற்கும் அளவு உண்டு.

கசப்பாக இருக்கிறதா? சீனியைக் கூட்டுமுன் கொக்கோவைக் குறைத்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும் என்பதையும் மறக்கலாகாது.

வெனிலா வாசனை வேண்டுமா? வாசனைச் சாறுகள் சிலவற்றில் மதுசாரம் கலந்திருக்கும். ஹலால் முத்திரை பார்த்து வாங்குவது நமது கடமை. ஏலமும் பட்டையும் இருக்கும் வீட்டில் அந்தச் சாறு இல்லாமலும் நடக்கும்.

மிச்சமாகிவிட்டதா? மலைக்குளிரை நம்பிச் சட்டியில் விட்டுவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான பாலில் கிருமிகள் விரைவாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் குடித்துவிட வேண்டும். குளிர்ந்த கொக்கோப் பாலும் சுவையானதே.

சீனிக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

ஒரு தேக்கரண்டி போதும் என்று நாம் சொன்னது கஞ்சத்தனமன்று. பாலில் இயற்கையாகவே இனிப்பு உண்டு. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம். நாம் சொன்ன கணக்கில் செய்தால், இருக்கும் இனிப்பும் சேர்த்த சீனியுமாக 100 மில்லிக்கு 7 கிராமுக்கு உள்ளேயே நிற்கும். இந்த 7 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து மலேசிய அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தபோது, ஆலையில் செய்த பால் பானங்களுக்கு வைத்த எல்லை 100 மில்லிக்கு 7 கிராம். அரசாங்கம் ஆலைக்கு வைத்த எல்லையை நம் வீட்டு அடுப்பும் மதிப்பது நன்றன்றோ?

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய யோசனைப்படி, சேர்த்துக்கொள்ளும் சீனி நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது பெரியவர்களுக்கு மிக நல்லது. பிள்ளைகளுக்கு அதனினும் குறைவாக வேண்டும். காலைப் பானத்திலேயே நான்கு போய்விட்டால் மீதி நாளுக்கு என்ன இருக்கும்? 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நம் குடும்பங்களில் இந்நோய் இல்லாத குடும்பம் எத்தனை என்று அவரவர் எண்ணிப் பார்க்கலாம். நாவின் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே அமைகிறது.

யாருக்குக் கொடுக்கலாகாது?

கைக்குழந்தைக்குக் கொக்கோப் பால் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் தாய்ப்பாலோடு தக்க உணவு. இரண்டு வயது நிறையும்வரை இனிப்பூட்டிய பானம் எதுவும் வேண்டாம்.

இவ்விஷயத்தில் நம் பகுதியிலேயே எழுந்த ஓர் எச்சரிக்கையை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930-களின் பிற்பகுதியில் மலாயாவில் பணியாற்றினார். இனிப்பூட்டிய டின் பால் குழந்தை உணவாக விளம்பரப்படுத்தப்பட்டதையும், தாய்ப்பாலை நிறுத்தி அதனைக் கரைத்துக் கொடுத்த வீடுகளில் குழந்தைகள் வாடி இறந்ததையும் அவர் கண்டார். 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வியாபாரிகளும் பிரமுகர்களும் கூடியிருந்த சபையில், 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பிட்டு அவர் பேசினார். தவறான விளம்பரத்தால் விளையும் அம்மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்பது அவர் கருத்து. அவர் பேசியது தாய்மார்களின் கூட்டத்திலன்று, விற்கிறவர்களும் வழிநடத்துகிறவர்களும் இருந்த இடத்தில் என்பது நாம் சிந்திக்கத் தக்கது.

பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிச்சல் காண்பவர்கள் நம் ஆசிய மக்களிடையே அதிகம். அவர்கள் பாலைக் குறைத்தோ, சீனி சேராத சோயாப் பாலிலோ இதே முறையில் செய்துகொள்ளலாம். கொக்கோவில் கஃபீன் சிறிது உண்டு. நாம் சொன்ன அளவில் அது ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் தேநீரைவிட இது மேலானது.

கடைக்காரர் கவனத்துக்கு

கொக்கோவும் பால் தூளும் ஈரத்தை உறிஞ்சும் சரக்குகள். மலையிலோ பனியும் மழையும் ஓயாதவை. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கவும்; திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டின்னில் அடைக்கவும். கொக்கோவின் கொழுப்பு அண்டையிலுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். கருவாட்டுக்கும் சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் பக்கத்தில் அதனை வைப்பது சரக்கைக் கெடுப்பதாகும். முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும்.

விலை ஏறும் காலத்தில் சோதனையும் ஏறும். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் 2024 டிசம்பரில் கொக்கோக் கொட்டையின் விலை உலகச் சந்தையில் டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரையும் தாண்டியது. அத்தகைய வேளைகளில் இனிப்புக் கலந்த பானத் தூளைச் சில்லறையாகப் பிரித்துக் கொக்கோ என்று எழுதி விற்க யாருக்கேனும் எண்ணம் வரலாம். பொட்டலத்தின் மேல் உள்ளதை உள்ளபடி எழுதி, தேதியும் குறித்து விற்பதே நாணயம். சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குப் புதிய போதனையன்று.

தோட்டத்திலிருந்து வரும் தாய் ஒருத்தி, "பிள்ளைக்குப் பால் டின் ஒன்று கொடுங்கள், பாய்" என்று கேட்டால், கைக்கு எட்டிய கிரீமர் டின்னை எடுத்து நீட்டிவிடாமல், "பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கைக்குழந்தையாயின் டின் வேண்டாம், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளும்படி சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளையாயின் பால் தூளையும் கொக்கோத் தூளையும் எடுத்துக் காட்டி, ஆளுக்கு ஒரு கரண்டிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அன்றைக்கு ஒரு டின் குறைவாக விற்கலாம். அதனால் கடை மூடிப்போகாது. சொல்லை நம்பி வந்தவர் மறுபடியும் வருவார். அவர் பிள்ளையும் நாளை நம் கடைக்கே வரும்.